அம்மா வரைந்த கட்டம்

பிப்ரவரி 11

அன்புள்ள ஆழத்துக்கு,

இங்கே எனக்கு முதுகுவலி, என்னால் உன் அண்ணிக்குத் தலைவலி. மற்றபடி சுகம். உன் சளி விட்டதா என்று அவள் கேட்கச் சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா குடியிருக்கும் வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். வீட்டுக்காரர் நேரில் வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வருடக் கடைசிக்குள் காலி செய்து கொடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். அம்மா இதை அஞ்சலட்டையில் நாலு வரியில் எழுதிவிட்டு, ஐந்தாவது வரியில் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை என்று எழுதியிருக்கிறாள். எது அவளுக்குப் பெரிய கவலை என்று அட்டையை வைத்துச் சொல்ல முடியவில்லை.

போனில் கேட்கலாம் என்றால் அவள் சங்கதி உனக்கே தெரியும். வேலை பார்த்த காலம் முழுக்கத் தொலைபேசி நிலையத்தில் போர்டு முன் உட்கார்ந்து ஊரார் பேச்சுக்கு ஒயர் சொருகிக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற அன்று, "இனிமே என் காதுக்கு லீவு. சொல்ல வேண்டியத எழுதுங்க" என்றாள். நீயும் நானும் இந்தக் காலத்திலும் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதற்கு அவள்தான் காரணம்.

அப்பா போன பிறகு அவள் தனி. அடுத்து எங்கே இருப்பாள் என்று முடிவாக வேண்டும். மற்ற வீடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று நாம் பார்த்ததுதான். ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுப்பார்கள், இல்லையென்றால் ஆளாளுக்குக் கை கழுவுவார்கள். கடைசியில் யார் குரல் பெரிதோ அதற்கு 'அம்மாவின் விருப்பம்' என்று பெயர் வைத்துவிடுவார்கள். நான் கணக்கெடுப்பு அலுவலகத்தில் கேள்வித்தாள் தயாரித்தே தலை நரைத்தவன். நீ பல்கலைக்கழகத்தில் மனிதர்களிடம் பேசிப் பேசியே 'ஆழமான' ஆராய்ச்சி செய்கிறவள். நாம் ஒழுங்காகக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்.

ஆகவே ஒரே ஒரு விதி. நீயும் சரி, நானும் சரி, 'என்னோடு வந்துவிடு' என்று அவளிடம் சொல்லக் கூடாது. அது தூண்டும் கேள்வி. கேட்கிறவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால் பதில் சொல்கிறவர் அதையே சொல்லிவிடுவார். அம்மா என்றால் கேட்கவே வேண்டாம். அவள் வாயிலிருந்து அவள் விருப்பம் மட்டும்தான் வர வேண்டும். கேள்வித்தாளை நான் தபாலில் அனுப்புகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


பிப்ரவரி 26

சதவீத அண்ணாவுக்கு,

சளி விட்டது, இருமல் பிடித்துக்கொண்டது. அண்ணியிடம் சொல். உன் முதுகுக்கு நாற்காலியை மாற்று, அலுவலகத்தை மாற்றினாலும் தப்பில்லை.

பெற்ற தாய்க்குக் கேள்வித்தாள் அனுப்பும் முதல் மகன் நீயாகத்தான் இருப்பாய். சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். நீ சொல்வதில் பாதி சரி. கேட்பவர் வாயைத் திறந்தாலே பதில் கோணிக்கொள்ளும் என்பதை நானும் தினமும் பார்க்கிறேன். என் ஆய்வு நடப்பது ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் என்று உனக்குத் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலி வரிசை, சுவரில் ஒரு கடிகாரம், டோக்கன் எண் மாறும்போதெல்லாம் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பும். 'ரொம்ப நேரமா காத்திருக்கீங்களா' என்று நான் கேட்டால் எல்லோரும் ரொம்ப நேரமாகத்தான் காத்திருக்கிறார்கள். ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தால், வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்பதிலிருந்து பேச ஆரம்பிக்கிறார்கள். எனக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

உன் கட்டங்களின் கோளாறு என்ன தெரியுமா? நீ யோசித்து வைத்த பதில்களில் ஒன்றைத்தான் மனிதர்கள் சொல்ல முடியும். நீ யோசிக்காததை அவர்கள் நினைத்திருந்தால் அது உன் தாளில் பிறக்கவே பிறக்காது. அம்மாவிடம் நான் நேரில் போகிறேன். ஒரு வாரம் அவளோடு இருந்து பார்க்கிறேன், பேச விடுகிறேன். கோட்பாடு பின்னால் தானாக வரும். உன் தாளை அதற்கு முன்னாலேயே அனுப்பு, என் பேச்சு உன் கட்டத்தைக் கெடுத்தது என்று பழி வேண்டாம்.

விதிக்குச் சம்மதம். நானும் 'வா' என்று சொல்ல மாட்டேன்.

இருமலுடன்,
தங்கை


மார்ச் 20

ஆழத்துக்கு,

நலம்தான். இன்று பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இருமலுக்கு வெந்நீர் குடி.

அம்மாவிடமிருந்து கேள்வித்தாள் வந்துவிட்டது. எல்லாப் பக்கங்களும் நிரப்பி, ஓரத்தில் எழுத்துப்பிழை ஒன்றைச் சிவப்பு மையால் திருத்தியும் அனுப்பியிருக்கிறாள். பிழை என்னுடையது.

சுருக்கமாகச் சொல்கிறேன். மாடிப்படி ஏற வேண்டாம் என்பது அவளுக்கு 'மிக முக்கியம்'. வீட்டில் பகலில் ஆள் நடமாட்டம் குறைவாக இருப்பது 'முக்கியம்'. நூலகம் நடக்கும் தூரத்தில் இருப்பது 'மிக முக்கியம்'. பெரிய வீடு 'தேவையில்லை'. என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் தூங்கும். நீ இருப்பது தரைத்தளம், தெருமுனையில் நூலகம். எந்த மதிப்பெண்ணைக் கூட்டினாலும் கை உன்னைத்தான் காட்டுகிறது. நான் கூட்டலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

ஒரு சின்னச் சிக்கல். கடைசிக் கேள்வி நேரடியானது: 'இனி எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?' நான்கு கட்டங்கள் கொடுத்திருந்தேன். மகன் வீடு, மகள் வீடு, தனியாக வாடகை வீடு, முதியோர் இல்லம். அம்மா இந்த நான்கையும் தொடவில்லை. கீழே ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்து அதில் டிக் போட்டிருக்கிறாள். பக்கத்தில் எழுத்து ஒன்றும் இல்லை. அலுவலக முறைப்படி அது செல்லாத பதில். அதை நீக்கிவிட்டுத்தான் மற்றவற்றைக் கணக்கிட்டேன்.

நீ போய்ப் பார்த்துவிட்டு எழுது.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணாவுக்கு,

நான் நலம். அம்மா நலம். அவளுடைய மூட்டு மட்டும் அவளைக் கேட்காமல் சத்தம் போடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? அண்ணி எப்படி இருக்கிறாள்? போன கடிதத்தில் அவள் விசாரித்ததாக ஒரு வரிகூட இல்லையே. அடுப்பு வேறு நீ துடைக்கிறாய்.

ஒரு வாரம் அம்மாவோடு இருந்தேன். முதல் இரண்டு நாள் வீண். இஸ்திரி போட்ட உடையில் உட்கார்ந்து, "சௌகரியமாத்தான் இருக்கேன்" என்று பேட்டி கொடுத்தாள். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் எல்லோரும் செய்வதுதான். மூன்றாம் நாள் பழைய நைட்டியோடு குழாயைத் திட்ட ஆரம்பித்த பிறகுதான் என் வேலை தொடங்கியது.

அவளைப் பார்க்க ஒரே ஒருத்திதான் வருகிறாள். பழைய நிலையத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவள். அம்மா அவளை இன்னமும் 'மூணாம் போர்டு' என்றுதான் கூப்பிடுகிறாள். அவள் அம்மாவை 'நாலாம் போர்டு' என்கிறாள். இருவரும் சேர்ந்தால், அந்தக் காலத்தில் லைனில் சண்டை போட்ட தம்பதிகளின் கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் உள்ளே வந்ததும் நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

என் குறிப்புகளைப் பிரித்து அடுக்கிப் பார்த்தேன். அம்மா பேச்சில் அடிக்கடி வருவது நீதான். "பெரியவன் பொறுமசாலி. அவன் வீட்டுல காத்து நல்லா வரும். லிஃப்ட் இல்லன்னா என்ன, மெதுவா ஏறிக்கலாம்." என் அறையைப் பற்றிப் பேச்செடுத்தால், "நீ படிக்கிற எடம், அங்க நான் எதுக்கு" என்று முடித்துவிடுகிறாள். அவள் மனம் உன் வீட்டில் இருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "அதுவா? ஏதோ நெனச்சு வரஞ்சேன். அப்புறம் சொல்றேன்" என்றாள். உன் தாளில் உருப்படியான ஒரே பதில் அதுதான். அதைப் போய் நீக்கியிருக்கிறாய்.

கிளம்பும் நாள் காலையில் அவள் என் பையை மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள்: "சரி, நீ என்ன நெனக்கிற?" இது எல்லாப் பேட்டியிலும் வரும். நான் கற்ற முறைப்படியே சொன்னேன்: "நான் நெனக்கிறது முக்கியம் இல்லம்மா. உனக்கு எப்படித் தோணுது?" அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "ஜிப்பு சரியில்ல. வேற பை வாங்கு" என்றாள்.

முதுகைப் பார்த்துக்கொள்.

தங்கை


மே 9

ஆழத்துக்கு,

நலம். இருமல் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் அறிக்கையைப் படித்தேன். என் ஆய்வு அம்மாவை உன் வீட்டுக்கு அனுப்புகிறது. உன் ஆய்வு அவளை என் வீட்டுக்கு அனுப்புகிறது. என் அலுவலகத்தில் இப்படி இரண்டு அறிக்கைகள் வந்தால் நான் முதலில் அம்மாவைச் சந்தேகிக்க மாட்டேன். அறிக்கை எழுதிய இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைப்பேன்.

'காத்து நல்லா வரும்' என்பதை வைத்து ஒரு மனுஷியின் மீதி வாழ்க்கையை முடிவு செய்ய முடியாது. காற்றைப் பற்றிச் சொன்னாள், அவ்வளவுதான். எதை எடுத்தாலும் அதற்கு அடியில் ஒன்று இருக்கிறது என்று தோண்டுகிறவர்களுக்குக் கடைசியில் தாங்கள் கொண்டுபோன மண்வெட்டிதான் கிடைக்கும். நீக்கிய கட்டம் பற்றி: எழுத்தில்லாத டிக்குக்கு நீ அர்த்தம் சொல், சேர்த்துக்கொள்கிறேன். உன்னாலும் சொல்ல முடியவில்லை.

சண்டை வேண்டாம். இரண்டு முறைகளையும் சேர்த்து ஒரு வழி பார்க்கலாம். நான் நூலகத்துக்கும் மாடிப்படிக்கும் வேறு எடை கொடுத்துப் பார்க்கிறேன், நீ உன் குறிப்புகளை வேறொருவரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல். வருடக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அண்ணன்


ஜூலை 28

அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. உறையின் பின்னால் புது முகவரி இருக்கிறது, இனி அதற்கே எழுது. ஒரு மாற்றத்துக்காகச் சிநேகிதி ஒருத்தியின் அறையில் இருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. காலையில் காற்றடிக்கும் சத்தத்தில் எழுந்துவிடுகிறேன்.

நீ மண்வெட்டி என்று எழுதியது சுருக்கென்றது. அதற்காக எழுதாமல் இல்லை.

குறிப்புகளை யாரிடமும் கொடுக்கவில்லை. நானே மறுபடி வாசித்தேன். என் கேள்விகள் எல்லாம் வழவழவென்று இருக்கின்றன. யார் மீதும் பட்டுவிடக் கூடாது என்று கவனமாக இருக்கின்றன. நல்ல பேட்டிக்கு அது இலக்கணம் என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஏனோ படிக்கப் பிடிக்கவில்லை.

உன் கடிதத்தையும் மறுபடி வாசித்தேன். காற்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறாய், கட்டத்துக்குச் சொல்லியிருக்கிறாய். அண்ணியைப் பற்றிக் கேட்டதற்கு இல்லை. உங்கள் அலுவலகத்தில் விடுபட்ட பதில்களை என்ன செய்வீர்கள்?

தங்கை


ஆகஸ்ட் 16

பெரியவனுக்கும் சின்னவளுக்கும்,

கார்பன் வைத்து எழுதுகிறேன். அழுத்தமாக எழுதியிருக்கிறேன், இரண்டாவது தாளிலும் விழுந்திருக்கும். கார்பன் பிரதி யாருக்கு வந்ததோ அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கண்ணை மூடித்தான் உறையில் போட்டேன்.

எனக்குச் சுகம். நேற்று வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. மூணாம் போர்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். முன்னறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். படி இல்லை. குழாயில் தண்ணீர் வருகிறது.

எப்படி என்று கேட்பீர்கள். அவள் போன வாரம் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எங்கிட்ட வந்துடு. தனியா இருந்து எனக்குப் பைத்தியம் புடிக்குது" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அமைதி முக்கியமா, மிக முக்கியமா என்று அவள் கேட்கவில்லை. எனக்கு எப்படித் தோன்றுகிறது என்றும் கேட்கவில்லை. நான் உள்ளே போய்த் துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

உங்கள் ஆய்வில் குறை சொல்லவில்லை. நான் கொடுத்த பதில்கள்தான் அப்படி. பெரியவனே, உன் கேள்வித்தாள் வருவதற்கு முன்னாலேயே மருமகளின் கடிதம் எனக்கு வந்துவிட்டது, தனியாகப் போய்விட்டேன் என்று. உன்னைப் பற்றி ஒரு குறைகூட அவள் எழுதவில்லை. நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த நேரத்தில் நான் உன் வாசலில் பெட்டியோடு வந்து நின்றால் உனக்குச் சங்கடம். அதனால்தான் மாடிப்படி மிக முக்கியம் என்று எழுதினேன். சின்னவளே, நீ வந்திருந்த ஒரு வாரமும் என்னைக் கவனித்துக் குறிப்பெழுதிய நேரம் போக மீதி நேரமெல்லாம் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாய். ஜூனிலிருந்து உன் உறைகளில் துறை முத்திரை இல்லை. உன் காலே ஒரு இடத்தில் நிற்காதபோது நான் எங்கே வந்து நிற்பது? அதனால்தான் அண்ணன் வீட்டில் காற்று நன்றாக வரும் என்றேன். அங்கே காற்று வராது. ஜன்னலுக்கு எதிரே சுவர்.

உங்களுக்கு ஏற்ற மாதிரிப் பதில் சொன்னேன். அதை நீங்கள் ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டு சண்டை போட்டீர்கள் என்று இரண்டு பேருமே எழுதினீர்கள்.

அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். எங்கே இருக்க விருப்பம் என்று இரண்டு பேரும் விதவிதமாகக் கேட்டீர்கள். வா என்று ஒருவரும் சொல்லவில்லை. யாராவது சொன்னால் யார் என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் கட்டத்தை மட்டும் வரைந்து டிக்கும் போட்டு வைத்தேன். நீங்கள் சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். பெற்றவளுக்கு ஆசை இருக்கத்தான் செய்யும். எனக்கு வருத்தம். அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு நீங்களாக ஒன்றை அனுமானிக்க வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். இரண்டு பேரும்.

அம்மா


ஆகஸ்ட் 22

அம்மாவுக்கு,

நான் நலம் என்று எழுதப் பழகிவிட்டது. அவ்வளவு நலம் இல்லை. உன் மருமகள் போனது மார்ச் தொடக்கத்தில். பெரிய சண்டை எதுவும் இல்லை. 'எதைக் கேட்டாலும் ஒரு நிமிஷம் யோசிச்சிட்டுப் பொதுவா ஒண்ணு சொல்றீங்க' என்றாள். அதற்கும் நான் ஒரு நிமிடம் யோசித்தேன்.

வா என்று சொல்லக் கூடாது என்று விதி போட்டவன் நான்தான். தங்கை அதற்கு உடன்பட்டாள், அவ்வளவே. உன் பதில் கோணக் கூடாது என்றுதான் போட்டேன் என்று இத்தனை நாளும் நம்பினேன். அப்போதே உடைந்துகொண்டிருந்த இந்த வீட்டை நீ பார்த்துவிடக் கூடாது என்பதும் அதில் இருந்திருக்கிறது. எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

இங்கே வந்துவிடு, அம்மா. லிஃப்டை இப்போது சரி செய்திருக்கிறார்கள்.

உன் பெரியவன்


செப்டம்பர் 1

பெரியவனுக்கு,

சுகம். மூணாம் போர்டு குறட்டை விடுகிறாள், அதைத் தவிர இந்த வீட்டில் குறை இல்லை.

வா என்று எழுதியது கிடைத்தது. காலம் கடந்து வந்த தாளை உங்கள் அலுவலகத்தில் கணக்கில் சேர்ப்பீர்களோ என்னவோ. நான் சேர்த்துக்கொண்டேன். கேள்வித்தாளின் நகல் ஒன்று வைத்திருந்தேன். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியும் விட்டேன்.

ஆனால் வரவில்லை. இங்கே நன்றாக இருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் பேசுவதற்கு ஆள் இருக்கிறது. நீ மாதம் ஒருமுறை வந்து போ. வரும்போது முன்கூட்டி எழுத வேண்டாம்.

சின்னவளும் எழுதினாள். அழுது எழுதியிருக்கிறாள், மை கலைந்திருந்தது. வா என்று அவளும் எழுதினாள். எங்கே வரச் சொல்கிறாள் என்றுதான் தெரியவில்லை. சைக்கிள் கடைக்கு எதிரே இருக்கும் அறை அவளுடையது இல்லை.

உன்னிடம் ஒரு அறை காலியாக இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா


செப்டம்பர் 7

அன்புள்ள தங்கைக்கு,

ஆழம் என்று கூப்பிட இன்று மனம் வரவில்லை. அண்ணியைப் பற்றி நீ இரண்டு முறை கேட்டாய். இரண்டு முறையும் விட்டுவிட்டேன். விடுபட்ட பதில்களை என்ன செய்வோம் என்று கேட்டிருந்தாயே. மற்றவர்களின் சராசரியை அந்த இடத்தில் போட்டு நிரப்பிவிடுவோம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

நானும் உன் கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். பிப்ரவரியில் காத்திருப்பு அறை, நாற்காலி, டோக்கன் என்று பக்கம் பக்கமாக வருகிறது. அதற்குப் பிறகு அந்த அறை எங்கேயும் இல்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும். உனக்குச் சங்கடமாக இருக்குமே என்று விட்டேன். உன்னுடைய சங்கடத்தைவிட என்னுடையதைத்தான் தவிர்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

துறை உன் பணியை ஏன் நீட்டிக்கவில்லை, அடுத்து என்ன செய்யப் போகிறாய், எவ்வளவு நாள் ஆகும், இதெல்லாம் கேட்கவில்லை. உள்ளறையில் கட்டில் இருக்கிறது. மேசை ஒன்றை நேற்று ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது. எதிரே சுவர்தான், அம்மா சொன்னது சரி.

இது தூண்டும் கேள்வி இல்லை. கேள்வியே இல்லை. நீ இங்கே வந்துவிடு.

அண்ணன்


செப்டம்பர் 12

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது சிநேகிதி வீட்டில் இல்லை. நல்லவேளை.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 'வந்துவிடு' என்பதற்கு முன்னால் மூன்று பத்தி எழுதியிருக்கிறாய். மூணாம் போர்டு செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போகட்டும், உனக்கு இது முதல் தடவை.

மேசை போதும். சுவரையும் பார்த்துக்கொள்ளலாம். உன் முதுகுக்குத் தைலம் கொண்டுவருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அம்மாவைப் போய்ப் பார்க்கலாம், சொல்லாமல்.

சனிக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். ஜிப் போன அதே பைதான். ரயிலடிக்கு நீ வர வேண்டிய அவசியமில்லை, உன் வசதிப்படி பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

வா.

தங்கை